வண்டி இழுக்கவில்லையா? பம்பை மாற்றும் முன் சோதிக்க வேண்டியவை: குமரி மாவட்ட வண்டிகளுக்கான முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை ஐம்பது, அறுபதில் ஓடும்போது ஒரு குறையும் தெரியாத வண்டி, ஆனி ஆடி மாதங்களில் திருநெல்வேலிப் பக்கமிருந்து திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் திணறும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் மேற்குக் காற்று நேர் எதிரே அடிக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் ஏறாது, கியரைக் குறைத்தால்தான் நகரும். நல்ல வண்டிக்கும் அந்த இடத்தில் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் இழுவையே செத்துப்போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எரிபொருள் பம்பும் அதைச் சுற்றியுள்ளவையும்தான்.

காரணம் எளிய கணக்கு. சிறிய பெட்ரோல் கார் நின்று ஓடும்போது (ஐடிலில்) மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே குடிக்கும். அதே எஞ்சினை முழுச் சுமையில் ஓட்டினால் மணிக்கு 15 லிட்டருக்கு மேல் கேட்கும். பாதி பலம் போன பம்பும் ஐடிலுக்குத் தேவையானதைக் கொடுத்துவிடும். எதிர்காற்றிலும் மலை ஏற்றத்திலும்தான் அதன் குட்டு வெளிப்படும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். பம்பு நடுவில் உட்கார்ந்திருக்கும் உறுப்பு. அதற்கு முன்னால் உறிஞ்சும் பக்கம், பின்னால் தள்ளும் பக்கம், பக்கவாட்டில் கரண்டோ பெல்ட்டோ கியரோ. இவற்றில் எது கெட்டாலும் பழி பம்பின் மேல் விழும். பில்டர் அடைப்புக்கும், களிம்பு பிடித்த எர்த் வயருக்கும், டேங்க் மூடியில் அடைபட்ட காற்றுத் துளைக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுப் பம்பு போடுகிறார்கள். ஒரு பிரஷர் கேஜும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

எந்தப் பம்பு என்ன செய்கிறது

பெட்ரோல் கார்களிலும் இன்றைய எப்.ஐ. (இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் தூவும்) பைக்குகளிலும் டேங்குக்குள்ளேயே மின்சார ஃபியூல் பம்பு இருக்கிறது. கார்பரேட்டர் வைத்த பழைய கார்களில் எஞ்சினோடு சேர்ந்த டயாபிராம் பம்பு. கார்பரேட்டர் பைக்குகளில் பெரும்பாலும் பம்பே கிடையாது, பெட்ரோல் தானாகவே கீழிறங்கும். டீசல் வண்டியில் டேங்கிலிருந்து இழுத்துக் கொடுக்க ஃபீட் பம்பு, அதற்குப் பின் இன்ஜெக்ஷன் பம்பு அல்லது காமன் ரெயிலின் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாய்) உயரழுத்தப் பம்பு. எல்லா நான்கு சக்கர வண்டியிலும் ஆயில் பம்பு உண்டு. ஏறக்குறைய எல்லாவற்றிலும் வாட்டர் பம்பும் உண்டு. டீசல் கார், வேன்களில் பிரேக்குக்காக வேக்குவம் பம்பும் இருக்கும்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அழுத்த அளவுகள்: கார்பரேட்டர் வண்டியின் டயாபிராம் பம்பு 0.2 முதல் 0.4 பார், எப்.ஐ. பைக் 2.5 முதல் 3 பார்; பெட்ரோல் கார் 3 முதல் 4 பார்; காமன் ரெயில் ஐடிலில் 250, 300 பார், சுமையில் 1,600 பாரும் அதற்கு மேலும். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கான சரியான எண் அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதுவே இறுதி.

பெட்ரோல் வண்டி: டேங்குக்குள் இருக்கும் பம்பு

அழுத்தம் குறைந்தால் இன்ஜெக்டர் திறந்திருக்கும் அதே நேரத்தில் குறைவான பெட்ரோல்தான் உள்ளே போகும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எரிதல் மெதுவாகி இழுவை விழும். சைலன்சர் பக்கம் சூடு ஏறும். சுமையில் கடகடவென்று நாக்கிங் வரும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு., ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்துச் சமாளிக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டினால் செக் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பெரும்பாலும் பி0171 என்ற குறியீடு வரும்.

சோதனை வரிசை இது. மாற்றிச் செய்யாதீர்கள், மலிவானதும் எளிதானதும் முதலில் வர வேண்டும்.

1. சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் பின் சீட் பக்கம் காதை வையுங்கள். ஏறக்குறைய 2 விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்டு நிற்க வேண்டும். கேட்கவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே. அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலே பெட்டியிலேயே இருக்கும் (பல வண்டிகளில் ஹாரன் ரிலே ஒத்துப்போகும்), அதை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கேட்கும் சத்தம் முன்பைவிடக் கரகரப்பாக, உரக்க இருந்தால் பம்பின் வாயில் உள்ள சல்லடை அடைத்திருக்கலாம், இல்லையேல் பம்பு தேய்ந்திருக்கிறது.

2. டேங்க் மூடியைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பினால் மூடியின் காற்று வழியோ டேங்கின் காற்றுக் குழாயோ அடைத்திருக்கிறது. பம்புக்கு ஒன்றும் இல்லை.

3. பம்பின் கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கனெக்டரைக் கழற்றி அளந்தால் அறுந்துபோகும் நிலையில் உள்ள வயரும் 12 வோல்ட் காட்டும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, கனெக்டரின் பின்பக்கம் மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். பாட்டரியின் பாசிட்டிவுக்கும் பம்பின் பாசிட்டிவுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேலும், பம்பின் எர்த்துக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேலும் இழப்பு இருந்தால் வயரிங்கைச் சரிசெய்யுங்கள்.

இந்த மூன்றாவது படி நம் மாவட்டத்துக்கு மற்ற ஊர்களைவிட முக்கியம். குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடற்கரையை ஒட்டி ஓடும் வண்டிகளுக்கு உப்புக் காற்றே போதும். மீன் ஏற்றும் வேன்களுக்கு அதோடு ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரும் தளத்தின் இடுக்கு வழியே சேஸியில் வடிகிறது. அப்படி ஓடிய வண்டியின் எர்த் வயரைக் கழற்றிப் பார்த்தால் லக்குக்கும் (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) சேஸிக்கும் நடுவே பச்சைக் களிம்பும் துருப்பொடியும் படிந்திருக்கும். வயரின் ரப்பரை இரண்டு அங்குலம் கீறினால் உள்ளே செம்புக் கம்பி கறுத்துப் பொடியாக உதிரும். பம்புக்குக் கிடைப்பது 12 அல்ல, 10 வோல்ட். வோல்டேஜ் குறைந்தால் பம்பின் சுழற்சி குறையும், அழுத்தமும் அளவும் கூடவே விழும். தீர்வு: சேஸியைப் பளபளக்கச் சுரண்டி, புது லக் போட்டு, முறுக்கி, மேலே வாசலினோ கிரீஸோ பூசுவது. சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. கறுத்த கம்பியோடு அப்படியே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்காலம்கூடத் தாங்காது.

4. அழுத்தம் அளப்பது. முதலில் பம்பு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்; லைனில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பாட்டரி நெகட்டிவைக் கழற்றி, அருகில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு, இன்ஜெக்டர் ரெயிலுக்கு வரும் குழாயில் டி-இணைப்புடன் கேஜைப் பொருத்துங்கள். பிறகு பாட்டரியையும் ஃபியூஸையும் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ரிட்டர்ன் குழாய் (மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்புவது) இல்லாத வண்டியில் ஐடிலில் காட்டும் எண்ணும், ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது காட்டும் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மிதிக்கும்போது 0.3 பாருக்கு மேல் விழுந்தால் அளவு போதவில்லை. முடிந்தால் கேஜை முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். ஷெட்டில் நிற்கும்போது நன்றாகக் காட்டும் பம்பு ஏற்றத்தில் கைவிடுவது சாதாரணம்.

5. எஞ்சினை அணைத்து 5 நிமிடம் கேஜைக் கவனியுங்கள். முள் அப்படியே நிற்க வேண்டும். சிறிது இறங்கினால் பரவாயில்லை. சரசரவென்று பூஜ்யத்துக்குப் போனால் பம்பின் ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால் அதற்கும் இதுதான் காரணம். அப்போது சாவியை மூன்று முறை ஆன்-ஆப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கும். அதுவே ஒரு சோதனை.

6. அழுத்தம் சரி, இழுவை இல்லை என்றால் அளவு பாருங்கள். குழாயை அளவு போட்ட பாத்திரத்தில் விட்டு, ரிலே இடத்தில் ஜம்பர் வயர் போட்டு 30 விநாடி ஓட்டினால் சாதாரணக் காரில் அரை லிட்டர் வர வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். செல்போனைக்கூட அருகில் வைக்க வேண்டாம்.

ஸ்கேனர் இருந்தால் இன்னொரு குறுக்குவழி. எரிபொருள் திருத்த அளவை (ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலிலும் சுமையிலும் ஒப்பிடுங்கள். ஐடிலில் சரியாக இருந்து சுமையில் +15, +20 சதவீதம் என்று ஏறினால் பம்பு அல்லது பில்டர். ஐடிலில் அதிகமாக இருந்து சுமையில் இறங்கினால் இன்டேக்கில் காற்று கசிகிறது, பம்பைத் தொடாதீர்கள்.

பம்பு ஏன் சாகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்பு சூட்டில் தேயும். கீரிப்பாறை, பாலமோர் ஏற்றங்களில் டேங்க் சரிந்து, இருக்கும் கொஞ்சம் பெட்ரோலும் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சும். கால் டேங்குக்குக் கீழே போகவிடாமல் வைத்திருப்பது பம்புக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இன்னொரு கவனிப்பும் சேர்ந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. டேங்க் மூடி ரப்பர் வெடித்த பைக்கை மழையில் நிறுத்தினால் உள்ளே தண்ணீர் போவது உறுதி. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். சந்தேகம் இருந்தால் டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டர் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் தனிக் கோடாக ஓர் அடுக்கு தெரிந்தால் டேங்கை முழுக்க இறக்கிக் கழுவ வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது. பழைய வண்டியில் இந்தப் பெட்ரோல் டேங்கின் அடிப்படிவைக் கரைத்துச் சல்லடைக்குக் கொண்டுவரும், பழைய ரப்பர் குழாய்களையும் ஊறவைக்கும். இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

டீசல் வண்டி: முதலில் காற்று, பிறகு தண்ணீர், கடைசியாகத்தான் பம்பு

டீசலில் வரும் "பம்பு கம்ப்ளெயின்ட்"டுகளில் நிறைய, உறிஞ்சும் பக்கம் காற்று நுழைவதால் வருபவை. இதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்றால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே குழாயில் துளை விழுந்தால் வெளியே ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகாது. அங்கே உறிஞ்சல்தான் நடக்கிறது. காற்றுதான் உள்ளே போகும். வெளியே காய்ந்து சுத்தமாக இருக்கும் குழாயைப் பார்த்து "லைன் நல்லா இருக்கு" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஓர் அடி நீளத் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் வாங்குங்கள். ஃபீட் பம்புக்குள் போகும் குழாயைக் கழற்றி, நடுவே இதைக் கிளிப் போட்டு இணைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். டீசல் கண்ணாடி போல் ஓட வேண்டும். தொடக்கத்தில் சில குமிழி வந்து நின்றுவிட்டால் சரி. இரண்டு நிமிடம் கழித்தும் மணி மணியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தால் டேங்க் பக்கம் எங்கோ காற்று நுழைகிறது. பெரும்பாலும் பேன்ஜோ போல்ட்டின் (டீசல் உள்ளே ஓடும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர், பில்டர் மூடியின் ரப்பர் வளையம், பிரைமர் பம்பின் (கையால் அடிக்கும் சிறு பம்பு) தண்டு, துருப்பிடித்த இரும்புக் குழாய் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். இரவு ஏற்றத்தில் மூக்கு மேலாக நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல், சமதளத்தில் நிறுத்தினால் ஆகிறது என்றாலும் இதே கோளாறுதான். டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, ஃபீட் பம்புக்கு வரும் குழாயை அதில் விட்டு ஓட்டுங்கள். ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விட வேண்டும். கேனில் நன்றாக ஓடினால் குறை டேங்க் பக்கம். கேனிலும் திணறினால் பில்டரைப் புதிதாகப் போட்டு மறுபடி பாருங்கள். அதற்கும் பிறகுதான் பம்பு.

காற்று எடுக்கும் முறை (பழைய இன்லைன், ரோட்டரி பம்பு வண்டிகளுக்கு):

1. பில்டர் மேல் உள்ள பிளீட் ஸ்குரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) இரண்டு சுற்று தளர்த்துங்கள். பிரைமரை அடியுங்கள். நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை அடித்து, அடித்துக்கொண்டே இருக்கும்போதே ஸ்குரூவை முறுக்குங்கள். நிறுத்திவிட்டு முறுக்கினால் காற்று மறுபடி உள்ளே இழுக்கும்.
2. இன்ஜெக்ஷன் பம்பின் பிளீட் ஸ்குரூவிலும் அதே மாதிரி.
3. அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், இன்ஜெக்டர் மேல் உள்ள நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து 10 விநாடி சுற்றுங்கள். டீசல் துடித்து வந்ததும் ஒவ்வொன்றாக முறுக்குங்கள். ஸ்டார்ட்டரை 15 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்ற வேண்டாம். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி.

மூன்றாவது படியைக் காமன் ரெயில் வண்டியில் ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே கசியும் டீசல் ஊசியைவிடக் கூர்மையாகத் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் வலிகூடத் தெரியாது. சில மணி நேரத்தில் கையையே இழக்கும் நிலை வரும். அப்படிப் பட்டால் கழுவிவிட்டு இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய் "அழுத்த டீசல் தோலுக்குள் போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் சில நிமிடம் கழித்தே உயரழுத்தக் குழாயைத் தொடுங்கள். காமன் ரெயிலில் காற்று எடுக்கக் குறைந்த அழுத்தப் பக்கத்துப் பிரைமரை அது இறுகும்வரை அமுக்கினால் போதும். மின்சார ஃபீட் பம்பு உள்ள வண்டியில் சாவியை நாலைந்து முறை ஆன் செய்தால் போதும்.

ரப்பர் உருண்டைப் பிரைமர் உள்ள வண்டியில் அந்த உருண்டையே ஒரு கேஜ். சுமையில் ஓட்டி நிறுத்தியதும் பாருங்கள். அது உறிஞ்சப்பட்டுச் சப்பையாக இருந்தால் டேங்குக்கும் அதற்கும் நடுவே அடைப்பு.

தண்ணீர் பற்றி. டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் தங்கும் செடிமெண்டரின் ஸ்குரூவை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, மற்ற நேரம் ஒவ்வோர் ஆயில் மாற்றத்தின்போதும் திறந்து, ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள். மலைப்பக்க எஸ்டேட்களுக்குக் கேனில் கொண்டுபோய் ஊற்றும் வண்டிகளுக்கு இது இன்னும் அவசியம். டீசல்தான் இன்ஜெக்ஷன் பம்புக்கு மசகும் கூட. தண்ணீர் கலந்தால் மசகு போய், டீசலைத் தள்ளும் பிளஞ்சர் கீறும். மண்ணெண்ணெய் கலந்தாலும் அதே கதை. விலைக்காக அதைச் செய்பவர் பம்பையும் இன்ஜெக்டரையும் விலையாகக் கொடுக்கிறார்.

தேய்ந்த ரோட்டரி பம்புக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. காலையில் முதல் சுற்றிலேயே பிடிக்கும். ஓடிச் சூடாகி, டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால் பிடிக்கவே பிடிக்காது. சூட்டில் நீர்த்த டீசல், தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடுகிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும். பச்சைத் தண்ணீரைச் சடாரென்று ஊற்றினால் உள்ளே பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, வேண்டாம். இந்த நிலைக்கு வந்த பம்பு டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்பு ஷாப்புக்குத்தான் போக வேண்டும். டீசல் அளவைக் கூட்டும் சீல் வைத்த ஸ்குரூவைத் திருகி இழுவை வரவைப்பது, கரும்புகையையும் உருகிய பிஸ்டனையும் விலைக்கு வாங்குவது.

காமன் ரெயிலில் பி0087 வந்தால், அதாவது ரெயில் அழுத்தம் குறைவு என்றால், உடனே உயரழுத்தப் பம்பு என்று சொல்பவரிடம் ஒரு சோதனையைக் கேளுங்கள்: இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு ஒரே அளவுச் சிறு பாட்டில்களில் விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓட்ட வேண்டும். மூன்றில் ஒரே மட்டமும் ஒன்றில் மட்டும் இரண்டு, மூன்று மடங்கும் இருந்தால் அந்த இன்ஜெக்டர்தான் அழுத்தத்தைத் தின்கிறது, பம்பு குற்றமற்றது. ஐடில் மேலும் கீழும் ஆடினால் பம்பில் உள்ள அளவுக் கட்டுப்பாட்டு வால்வு; பல மாடல்களில் இதைத் தனியாக மாற்ற முடியும்.

பம்பே கெட்டிருந்தால் பழைய பில்டரை அறுத்துப் பாருங்கள். மடிப்புக்குள் விரலை ஓட்டி வெயிலில் பிடியுங்கள். மீன் செதிலை நசுக்கித் தேய்த்தது போல் வெள்ளி மினுமினுப்பு விரலில் ஒட்டினால் பம்பு உள்ளே அரைத்திருக்கிறது. ரிட்டர்ன் டீசல் வழியே அந்தத் துகள் டேங்குவரை போயிருக்கும். அப்போது பம்பு மட்டும் மாற்றினால் புதுப் பம்பும் சில நாளில் போய்விடும். டேங்க், குழாய்கள், ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கழுவவோ மாற்றவோ வேண்டும். செலவு கசக்கும், ஆனால் பாதி வேலை இரட்டைச் செலவு.

ஆயில் பம்பு

இது அரிதாகவே கெடும். கெட்டால் எஞ்சினே போகும். ஆயில் விளக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே போனால்தான் எரியும். அதாவது விளக்கு எரிவது எச்சரிக்கை அல்ல, ஏறக்குறைய கடைசி மணி. ஓடும்போது எரிந்தால் அடுத்த பங்க்வரை போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே அணையுங்கள்.

ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் போடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 1 பாருக்குக் குறையாமலும், 3,000 சுற்றில் 3 பாருக்கு மேலும் இருந்தால் பொதுவாக நல்லது. குளிரில் நல்ல அழுத்தமும் சூட்டில் மோசமான அழுத்தமும் காட்டினால் பேரிங் தேய்ந்திருக்கிறது அல்லது ஆயில் நீர்த்திருக்கிறது. குளிரிலேயே குறைவு என்றால் பம்பு, ரிலீஃப் வால்வு, சல்லடை. கேஜ் நல்ல எண் காட்டி விளக்கு மட்டும் எரிந்தால் சுவிட்ச்.

சம்பை (ஆயில் தங்கும் அடித்தொட்டி) கழற்றும்முன் அதன் அடியைப் பாருங்கள். எஸ்டேட் சாலைக் கல்லிலோ உயரமான வேகத்தடையிலோ இடித்துச் சம்ப் உள்ளே குழிந்திருந்தால், சல்லடைக்கும் சம்புக்கும் உள்ள சின்ன இடைவெளி அடைபட்டுவிடும். பம்பு நல்லது, ஆயில் நிறைய, ஆனால் உறிஞ்ச வழியில்லை. ஐடிலில் தெரியாது, வேகத்தில் அழுத்தம் விழும். சம்பைத் தட்டி நிமிர்த்தினாலே சரியாகிவிடும். அதைத் திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் பேஸ்ட்டை 3 மில்லிமீட்டர் கோட்டுக்கு மேல் தடவாதீர்கள். அதிகமான பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, சல்லடையிலேயே போய் ஒட்டும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும்.

பிஎஸ் 6 டீசல் கார் வைத்திருப்போர் டிப்ஸ்டிக்கை இரண்டு பக்கமும் சந்தேகப்பட வேண்டும். கருங்கல், திங்கள்சந்தை, தக்கலை என்று ஐந்தாறு கிலோமீட்டர் சில்லறை ஓட்டம் மட்டுமே ஓடினால் புகை வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்று, பல எஞ்சின்களில் டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும். ஏறிய ஆயில் நீர்த்த ஆயில். அழுத்தம் விழும், டர்போ தேயும். மட்டம் மேல்கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை நான்குவழிச் சாலையில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்டுவது இதற்குத் தடுப்பு.

புது ஆயில் பம்பு போட்டால் அதை உலர்ந்த நிலையில் மாட்டக் கூடாது. உள்ளே ஆயில் நிரப்பிக் கையால் சுற்றி மாட்டுங்கள். பின் ஃபியூல் பம்பு ஃபியூஸைப் பிடுங்கி, கேஜில் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றிவிட்டுத்தான் எஞ்சினை ஓடவிட வேண்டும்.

வாட்டர் பம்பு

நின்றால் சூடு ஏறி, ஓடினால் இறங்குகிறதா? அது ரேடியேட்டர் ஃபேன். மார்த்தாண்டம் சந்திப்பு நெரிசலில் தெரியும் கோளாறு அது. நின்றால் சரி, கடையல், ஆறுகாணி பக்கம் ஏற்றத்தில் ஏறினால் சூடு என்றால் தண்ணீர் ஓட்டம் குறைவு: வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு. சூடு கூடினால் ஈ.சி.யு. இக்னிஷனைப் பின்தள்ளி இழுவையைக் குறைக்கும். இழுவைக் குறைவுக்கும் வாட்டர் பம்புக்கும் உறவு இப்படித்தான்.

பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். சீல் போனால் கூலண்ட் அதன் வழியே வெளியேற வேண்டும் என்றே வைத்த துளை. பச்சை, சிவப்புத் தடம் அங்கே காய்ந்திருந்தால் பம்பின் நாள் எண்ணப்பட்டுவிட்டது. ஒழுகுகிறதென்று அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகும். பேரிங் உடைந்தால், பம்பில் பொருத்திய ஃபேன் ரேடியேட்டரைக் கிழிக்கும், டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்பானால் வால்வுகளும் வளையும். புல்லியை இரு கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் துளியும் கூடாது. ஒழுகலும் இல்லை, சத்தமும் இல்லை, ஆனாலும் சூடு என்றால் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) அரித்திருக்கலாம், பிளாஸ்டிக் இம்பெல்லர் தண்டில் வழுக்கிக்கொண்டிருக்கலாம். கழற்றினால்தான் தெரியும்.

அரிப்புக்கு நம் ஊரில் முதல் காரணம் தண்ணீர். மணக்குடி, இராஜாக்கமங்கலம் போன்ற கடலோரக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, அலுமினிய ஹெட்டையும் இம்பெல்லரையும் தின்றுவிடும். கூலண்டும் பாட்டரித் தண்ணீரும் (காய்ச்சி வடித்த நீர், ஆசிட் அல்ல) பாதிக்குப் பாதி. சிறிய காருக்கு மொத்தம் 4, 5 லிட்டர் பிடிக்கும். வழியில் அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினீர்களா, அந்த வாரமே இறக்கி மாற்றுங்கள். ரேடியேட்டர் மூடியும் பம்பின் கூட்டாளிதான். 1 பார் மூடி தண்ணீரின் கொதிநிலையை 120 டிகிரி வரை உயர்த்துகிறது. அதன் ரப்பர் வெடித்தால் 100 டிகிரியிலேயே கொதித்து, பம்பு நீரைத் தள்ளாமல் நீராவியைக் கடையும்.

மாற்றும் முறை சுருக்கமாக: எஞ்சின் முழுக்க ஆறிய பின் கூலண்டை இறக்குங்கள், பெல்ட்டை எடுங்கள், பம்பைக் கழற்றிப் பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள், உளி வேண்டாம், புது கேஸ்கெட்டுடன் போல்ட்டுகளை எதிரெதிராக இரண்டு சுற்றில் முறுக்குங்கள், பெல்ட்டை நீண்ட இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் அளவு இறங்கும்படி வையுங்கள் (தானியங்கி டென்ஷனர் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்). ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே ஓடவிட்டுக் குமிழி நிற்கும்வரை ஊற்றுங்கள். குமிழி நிற்கவே இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்பானால் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றுங்கள், கூலி ஒன்றுதான்.

வேக்குவம் பம்பு

டீசல் வண்டியில் பிரேக் கட்டையாகி, கூடவே இழுவையும் குறைந்தால் இதைப் பாருங்கள். பல டீசல் எஞ்சின்களில் டர்போவின் இறக்கையையும் ஈ.ஜி.ஆர். வால்வையும் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்புவது) நகர்த்துவது இதே வேக்குவம்தான். எஞ்சினை அணைத்து பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பம்பு, குழாய், பூஸ்டர் மூன்றையும் பாருங்கள். பிரேக் சம்பந்தப்பட்டது, நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டாம். ஆல்டர்னேட்டரின் பின்னால் பொருத்திய வகையில் சீல் போனால் எஞ்சின் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் போய் சார்ஜிங்கும் நின்றுவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

பம்பு மாற்ற வேண்டும் என்று சொன்னால், மாற்றுவதற்கு முன் கேஜில் எவ்வளவு காட்டியது, மாற்றிய பின் எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பம்பை வாங்கிக்கொள்ளுங்கள். டேங்க் பம்பு வாங்கும்போது சல்லடையும் மேல்மூடி ரப்பர் வளையமும் சேர்த்து வாங்குங்கள். பழைய வளையம் பெட்ரோலில் ஊறிப் பெருத்திருக்கும், திரும்பப் போட்டால் பின் சீட்டில் பெட்ரோல் வாடை அடிக்கும். புதுப் பம்பை வேலை செய்கிறதா என்று மேசையில் வைத்து உலர்வாக ஓட்டிக் காட்டுபவரைத் தடுங்கள். மாட்டி 500 கிலோமீட்டர் ஓடிய பின் பில்டரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். டேங்கின் அடியில் மிச்சமிருந்த துருவும் படிவும் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.